வசம்பு தேய்த்த நாக்கு

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் போதும், கேட்பவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். "பெரிய சேவைம்மா, புண்ணியம் உனக்கு" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சேவையுமில்லை, புண்ணியமுமில்லை. என் மகள் என்னை ஒருமுறையாவது அம்மா என்று கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் படித்தேன்.

மூன்று வயதாகியும் அவள் பேசவில்லை. செஞ்சியில் எங்கள் தெருவில், பேசாத பிள்ளைக்கு எல்லோருமே வைத்தியர்கள். வசம்பைச் சுட்டு, கல்லில் உரைத்து, நாக்கில் தடவுவார்கள். நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் பக்கத்து வீட்டம்மா தடவியிருக்கிறார். அது தெரியாமல் எதிர்வீட்டுக்காரியும் தடவியிருக்கிறாள். பிள்ளை காரத்தில் துடித்துப்போனாள். அதன்பின் யார் விரல் கிட்டே வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் சோறு பிசைந்து நீட்டினாலும் அதே கதிதான்.

தெருவில் நின்று கத்தினேன். "எம்புள்ள வாயில இனிமே எவளாவது கைய வச்சீங்க, நடக்கறதே வேற."

"நல்லதுக்குத்தான செஞ்சோம், இன்னாடி இப்பிடிப் பேசுற" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அதோடு சரி. எங்கள் வாசலில் யாரும் நிற்பதில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. வாரம் ஒருநாள் வருவார், தூங்குவார், போய்விடுவார். வீட்டில் கேட்கிற ஒரே குரல் என்னுடையதுதான். கரண்ட் போய் டிவியும் நின்றுவிட்டால் எனக்குப் பயமாக இருக்கும்.

கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் ஒரு சிறப்பாசிரியை இருந்தார். வாராவாரம் மகளைத் தூக்கிக்கொண்டு போவேன். அவர் அவளைப் பேசச் சொல்லவே மாட்டார். பந்தை உருட்டிவிட்டு, அவள் திரும்ப உருட்டும்வரை காத்திருப்பார். அவர் முன்னால் மட்டும் மகள் வாயை இறுக்கிக்கொள்ளவில்லை. அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த ஆள் எப்போது வருவார் என்று கேட்டேன். "தெரியாதும்மா, போட்டா வருவாங்க" என்றார்கள். எத்தனை தடவை போனாலும் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. யாரும் வரப்போவதில்லை என்றால் நானே வந்துவிடுகிறேன் என்று அந்தக் கோபத்தில்தான் சிறப்புக் கல்வி பி.எட். சேர்ந்தேன். மகளை வல்லத்தில் என் பிறந்த வீட்டில் நைனாவிடம் விட்டுவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் போய் வந்தேன்.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. தானாகச் சாப்பிடுகிறாள், தலை பின்னிக்கொள்கிறாள், வேண்டியதைப் படத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். அம்மா என்று மட்டும் வரவில்லை. வராமலே போகலாம் என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேனே. தெரிந்தும் காது அதற்காகவே காத்துக் கிடக்கிறது, என்ன செய்ய.

போன மாதம் அனந்தபுரத்தில், வீட்டுக்கே போய் நான் சொல்லித்தரும், இன்னும் பேச்சு வராத ஒரு சின்னப் பையனுக்குச் சோப்புக் குமிழி ஊதிக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு அவன் கேட்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்து "ம்மா" என்றான்.

'இன்னாடா கண்ணு' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அவன் அம்மாவைக் கூப்பிட்டேன். "ஓடியா, உன்னத்தான் கூப்புடறான்."

அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். அவளைப் பார்த்து மறுபடியும் சொன்னான். அவள் அவனை வாரிக்கொண்டு அழுதாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

செஞ்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். பொறாமையும்தான். அடக்கவே முடியவில்லை. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என் தோளைத் தொட்டார்.

"இன்னாம்மா, யாராவது தவறிட்டாங்களா?"

"இல்லீங்க. ஒரு புள்ள பேசிடுச்சு."

அவர் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.