புகையிலைத் தண்ணீர்

விஷ மருந்தென்றாலே எனக்குக் குலை நடுங்கும். பக்கத்துத் தோட்டத்தில் பருத்திக்கு அடித்த பாட்டில் மருந்தின் நாற்றத்துக்கே இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால் எங்கள் அவரைப் பந்தலில் அசுவினிப் பூச்சி அப்பியபோது, புகையிலைக் காம்பை ஊறவைத்துக் காய்ச்சி, சோப்புக் கரைத்துத் தெளிப்பதென்று முடிவு செய்தேன். இலைதானே, என்ன செய்துவிடும்? எனக்கு அந்த வயதில் எல்லாம் தெரியும்.

வீட்டார் ஆனைமலை கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஐந்து மாதக் கைக்குழந்தையோடு நானும், சேரியிலிருந்து புல் அறுக்க வந்த பண்ணையத்துப் பெண்ணும் மட்டும். பந்தலுக்குக் கீழே நின்று, வேப்பங்கொத்தை முக்கி மேலே அடித்தேன். பாதி என் மேல்தான் விழுந்தது. ஈரச் சேலையோடு முடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

சற்று நேரத்தில் தலை சுற்றியது. வாந்தி எடுத்தேன். குளித்தும் நிற்கவில்லை.

தொட்டிலில் குழந்தை பசித்து அழுதது. எடுத்து மடியில் போட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் உடம்பில் இறங்கியது பாலில் இறங்கியிருக்காதா?

"புகையிலைக் காட்டுல எலை ஒடிச்சா எங்களுக்கும் இப்படித்தானுங்க அம்மணி. அன்னைக்குப் புள்ளைக்குப் பால் குடுக்க மாட்டோமுங்க" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு உயிரே போய்விட்டது. சங்கில் ஊற்றிய மாட்டுப்பாலைக் குழந்தை துப்பியது. மதியம் தாண்டியதும் அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டது. அவளுக்கும் வீட்டில் கைக்குழந்தை. பால் கட்டி அவள் மாராப்பு நனைந்திருந்தது.

"ஏ புள்ள, நீ கொஞ்சம் குடுக்கறயா?"

அவள் வாசலைப் பார்த்தாள். "வேண்டாமுங்க. பெரியவீங்களுக்குத் தெரிஞ்சா எங்க ஊட்டையே கொளுத்திப்போடுவாங்க."

அவள் மிகைப்படுத்தவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குழந்தையை அவள் கையில் திணித்தேன்.

மாட்டுக்கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கொடுத்தாள். மாடு அசைந்தாலும் திடுக்கிட்டாள். நான் வாசலில் காவல் நின்றேன். குழந்தை மடக் மடக்கென்று குடிக்கக் குடிக்க என் பயம் இறங்கியது. அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

குழந்தையைத் திருப்பித் தந்தவள், "புள்ளை வாயைக் கழுவிப்போடுங்க அம்மணி" என்றாள்.

யார் பால் என்று வாயில் எழுதியா இருக்கும்? ஆனாலும் கழுவினேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கழுவினேன்.