பொயின்ற்றில் வந்தவர்களும் கலையாத கட்டிலும்

ஒரு ஆள் நித்திரை கொண்ட அடையாளத்தை அடுத்த ஆள் வருமுன் அழித்துவிடுவதுதான் எங்கள் தொழில்.

இப்போது நான் விருந்தாளிகள் குளித்துத் துடைக்கிற துவாய்களை மடித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய துவாயை முதலில் மூன்றாக மடித்து, பிறகு இரண்டாக மடித்து, ஓரம் வெளியே தெரியாமல் அடுக்க வேண்டும். பத்துத் துவாய் மடித்தால் நாலு வரி எழுதுவேன். கடதாசி, அறைப் பட்டியலின் பின்பக்கம்தான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப்போல் கட்டில் விரித்து, தொட்டி தேய்த்து, கதவைத் தட்டிவிட்டு யார் திறக்கப்போகிறார்களோ என்று நெஞ்சு இடிக்க நிற்கிற பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு விளங்கும்.

எங்கள் ஹோட்டல் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே, குளக்கரையில் இருக்கிறது. மூன்று மாடி. பல நாடுகளில் ஹோட்டல் வைத்திருக்கிற கம்பனியுடையது. நட்சத்திர ஹோட்டல் என்றபடியால் குளியலறை ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு மண்டபத்தளவு. நான் தர்மபுரத்தில் இருந்து விடிய பஸ்ஸில் வருவேன். நாலு வயது மகளை மாமி பார்த்துக்கொள்ளுகிறா. வேலைக்கு வந்த புதிதில் விருந்தாளிகளின் முகம் எனக்குத் தெரியாது, கால்தான் தெரியும். செருப்பைப் பார்த்தே எந்த அறைக்காரர் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு நாள் ரிசப்ஷனில் நிற்கிற தர்ஷிகா, "இண்டைக்கு ஆறு அறை பொயின்ற்ஸில வருகினம்" என்றாள். பொயின்ற் என்றால் புள்ளி, புள்ளி என்றால் எனக்குப் பள்ளிக்கூடச் சோதனையில் கிடைக்காத புள்ளிதான் ஞாபகம் வரும். இது வேறு. அந்தக் கம்பனியின் ஹோட்டல்களில் தங்கத் தங்க, சிலருக்கு வங்கி அட்டையில் சாமான் வாங்க வாங்க, அவர்களின் பெயரில் பொயின்ற் சேரும். போதிய அளவு சேர்ந்தால் காசு கொடுக்காமல் தங்கலாம். விசயம் அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவை வைத்து ஒவ்வொருவர் காட்டுகிற கெட்டித்தனத்தைப் பார்த்து நான் துவாயும் கையுமாக வாய் பார்த்து நின்ற நாட்கள் கனக்க.

கருவாட்டுக் கணக்கு

எனக்கு முதலில் விளங்கப்படுத்தியவர் நோர்வேயில் இருந்து வருகிற ஒரு அண்ணன். பிறந்தது முல்லைத்தீவுக் கடற்கரை. கறுப்பு ரப்பர் செருப்பு. மாசி மாதம் ஹோட்டலில் காற்றுத்தான் குடியிருக்கும், அறை மலிவு. அப்போது வந்து காசு கொடுத்து இருந்தார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளிநாட்டுச் சனம் வந்து இறங்குகிற கிழமை, அறை விலை மூன்று மடங்கு ஏறும். அந்தக் கிழமை பார்த்துப் பொயின்ற்ஸில் வந்து, தமக்கையின் குடும்பத்தையும் பக்கத்து அறையில் இருத்தினார். காசு விலை ஏறினாலும் அன்றைக்குப் பொயின்ற் விலை ஏறவில்லையாம்.

இவருக்கு மாசியில் பொயின்ற் இருக்கவில்லையோ என்று எனக்குக் குடைந்துகொண்டே இருந்தது. தலையணை உறை போட்டுக்கொண்டே, அந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். ஒரு விருந்தாளியிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் சிரிக்கவில்லை. ஆறுதலாகச் சொன்னார்: "தங்கச்சி, மீன் மலிஞ்ச நாளில காசு குடுத்து மீன் வாங்கிறது. கடல் குழம்பின நாளில கருவாட்டை எடுக்கிறது. பொயின்ற்ஸ் எண்டது கருவாடு. ஆனா கனநாள் வைச்சிருந்தால் புழுத்துப்போகும், அதையும் மறந்துபோடாதை."

பாய் மடிக்காத மனிசன்

வவுனியாவில் இருந்து தண்ணீர்ப் பம்பு விற்க வருகிற ஒரு அண்ணை மாதத்தில் மூன்று இரவு நிற்பார். கதவில் எந்நேரமும் "துப்பரவு வேண்டாம்" மட்டை தொங்கும். என்னில் ஏதோ பிழை பிடித்துவிட்டார் என்று நான் இரண்டு மாதம் பயந்து திரிந்தேன். எங்கள் மேற்பார்வை வதனி அக்காதான் சொன்னா, துப்பரவு வேண்டாம் என்கிற ஒவ்வொரு நாளுக்கும் கம்பனி கொஞ்சம் பொயின்ற் கொடுக்கிறதாம். அவர் போன பிறகு உள்ளே போனால் கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லை. குப்பைப் பை முடிச்சுப் போட்டுக் கதவடியில். கழிவறைக் கடதாசியின் நுனியைக்கூட எங்களைப்போலவே முக்கோணமாக மடித்து வைத்திருந்தார். இப்படி எல்லோரும் தொடங்கினால் எங்களுக்கு வேலை ஏது என்று எனக்கு நடுக்கம் வந்தது, ஆனாலும் அந்தக் கை வேலையை நின்று பார்த்தேன்.

அப்படிச் சேர்த்ததில் பள்ளிக்கூட விடுமுறைக்கு மனைவி பிள்ளைகளை இங்கேயே நாலு நாள் கூட்டிவரப் போகிறார் என்று தர்ஷிகா சொன்னாள். நடையில் கண்டபோது, "நல்லாக் கட்டில் விரிக்கிறியள் அண்ணை" என்றேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "வீட்டில நான் இண்டுவரைக்கும் ஒரு பாய் மடிச்சதில்லை. மனிசி வரேக்க வாய் திறந்துபோடாதேங்கோ தங்கச்சி."

நாலு மணி வரை

மல்லாவியில் இருந்து ஒரு கலியாண வீட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா சுவிசில், கம்பனியில் பெரிய தரத்து உறுப்பினர். அந்தத் தரத்துக்கு, இடம் இருந்தால் பெரிய அறை தருவார்கள், மற்றவர்கள் பதினொரு மணிக்கு அறையைப் பூட்டித் திறப்பைக் கொடுக்க, அவர்கள் நாலு மணிக்குக் கொடுத்தால் போதும். அவர் ஒரேயொரு இரவுக்குப் பொயின்ற் வெட்டினார். அந்த ஒரு அறையில் மணப்பெண் உட்படப் பத்தொன்பது பெண்கள் சீலை உடுத்தார்கள். குளிரூட்டி போட்டபடியால் ஒருவரின் பவுடரும் கரையவில்லை. ஒரு பொயின்ற்றைப் பத்தொன்பதாகக் கிழிக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

நாலு மணிக்கு உள்ளே போய் நான் பொறுக்கிய கொண்டை ஊசி ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறைய இருந்தது. மல்லிகைப்பூவைத் தண்ணீர்க் குழாய்க்குள் இருந்தும் எடுத்தேன். பெண்ணின் பெரியம்மா வாசலில் நின்று பரிவாகச் சொன்னா: "கட்டிலில ஒருத்தரும் படுக்கேல்லைப் பிள்ளை, சீலைதான் படுத்தது. உங்களுக்கு நாங்கள் வேலை வைக்கேல்லை."

கலையாத கட்டில்

இனி மலர் அக்காவின் கதை. கனடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் கட்டில் விரிப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை. "நானும் உம்மைப்போல துணிக்காரிதான்" என்று முதல் நாளே என்னோடு கதைத்தா. அந்தச் சொல்லுக்குத்தான் நான் அவாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். முட்டை வாங்கினாலும் பால் வாங்கினாலும் ஒரே அட்டையில் வாங்கி, பதினொரு வருசமாகப் பொயின்ற் சேர்த்திருந்தா. அந்த மாத முடிவோடு அது செத்துவிடும். ஐந்து இரவு சேர்த்துப் போட்டால் நாலு இரவுக்கு மட்டும் பொயின்ற் வெட்டுவார்கள், ஐந்தாவது சும்மா. அதைக் கணக்குப் பார்த்துத்தான் ஐந்து போட்டிருந்தா. புளியங்குளத்தில் தனியாக இருக்கிற தாயைக் கூட்டிவந்து, அவாவின் முழங்கால் வலிக்குச் சுடுதண்ணித் தொட்டியில் இருத்தி, இந்த மெத்தையில் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

முதல் இரவு முடிந்து விடிய 207-க்குள் போனேன். கட்டில் நான் விரித்தபடியே. இரண்டாம் இரவு முடிந்தும் அப்படியே. கலையாத கட்டில் என்றால் எங்களுக்கு இருபது நிமிசம் மிச்சம், உங்களுக்குத் தெரியாததா. ஆனால் எனக்கு அந்த இருபது நிமிசம் என்னவோ செய்தது. பத்து மணிபோல் மலர் அக்கா உடுப்பு மாற்ற வந்தா. இரண்டு நாளும் பின்னேரம் தாயைக் கூட்டிவரப் போனதாம், தாய் தன் பாயைப் போட்டுப் படுத்துவிட்டாவாம், விட்டுவிட்டு வர மனம் வரவில்லையாம். கட்டில் ஓரத்தில், கலைத்துவிடக்கூடாது என்பதுபோல மெல்ல இருந்து சொன்னா: "பதினொரு வருசம் சேர்த்த அறை, சுகந்தி. அம்மா இதில ஒரு இரவும் படுக்காட்டில் நான் ஆருக்குச் சேர்த்தனான்?"

ஓசி

அன்றைக்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று சொல்லி, வாகனம் பிடித்துத் தாயைக் கூட்டிவந்துவிட்டா. நான் துவாய் வைக்கப் போனபோது அந்த அம்மா கதிரை நுனியில் இருக்கிறா. மடியில் பை. கையில் வீட்டுத் திறப்பு. மலர் அக்கா அவாவைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஒரு சதம் குடுக்கத் தேவையில்லையம்மா. முழுக்க ஓசி. பயப்பிடாமல் படுங்கோ" என்று திருப்பித் திருப்பிச் சொன்னா. அந்த அம்மா மெத்தையைப் பார்க்கவேயில்லை. "ஓசியில படுக்கத் தந்த இடம் ஒண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. சுத்திவர முள்ளுக்கம்பி. இனி ஓசியில படுக்கிறேல்லை எண்டுதான் திரும்பி வந்து வீட்டைக் கட்டினனான்" என்றா. மலர் அக்கா அந்தக் காலம் கனடாவில். அவாவுக்குச் சொல்லித்தான் தெரியும். சண்டை முடிந்து சனத்தை முகாமில் அடைத்தபோது எனக்குப் பத்து வயது, எனக்கும் அந்தக் கம்பி தெரியும்.

துவாயை வைத்துவிட்டு நான் போயிருக்க வேண்டும். விருந்தாளிகளின் கதைக்குள் போகக்கூடாது என்பது வதனி அக்காவின் முதல் சட்டம். கால் போகவில்லை. துவாயைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, இது ஓசி இல்லை. அக்கா பதினொரு வருசம் காய வைச்ச கருவாடு. இந்த மாதத்தோட புழுத்திடும்" என்றேன். பிறகு மடித்த துவாயையே திரும்ப மடித்தேன். மிச்சத்தை மலர் அக்காதான் சொன்னா: எந்தக் கடை, என்ன முட்டை, ஏன் அந்த அட்டை. அந்த அம்மா மகளின் கையை எடுத்து, சவர்க்காரத்தில் வெடித்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தா. பிறகு மடியில் இருந்த பையை இறக்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னா: "அதை முதலே சொல்லுறதுக்கென்ன? ஓசி ஓசியெண்டு உன்ர உழைப்பை நீயே ஏன் பிள்ளை குறைச்சுக் கதைக்கிறாய்?"

அகலம்

அடுத்த நாள் விடிய 207-க்கு நான் ஓடித்தான் போனேன். அவர்கள் கீழே காலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தால் கட்டில் கலையவில்லை. குளியலறைக்குள் போனேன். தொட்டியைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்தில் நல்லெண்ணெய் வளையம். அது போக அரை மணித்தியாலம் தேய்க்க வேண்டும், தேய்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வளையத்தைக் கண்டு சந்தோசப்பட்ட முதல் ஆள் இந்தத் தொழிலில் நானாகத்தான் இருக்கும். திரும்பி வந்து பார்த்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம், குளம் தெரிகிற கதவடியில், நிலத்தில் ஒரு விரிப்பு. இரண்டு தலையணை ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றின் கீழ் வீட்டுத் திறப்பு.

மடிக்கக் குனிந்தபோது இருவரும் வந்துவிட்டார்கள். மெத்தை சரியில்லையோ என்று பயந்து கேட்டேன். அந்த அம்மாவுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "மெத்தை நல்ல மெத்தை. ஆனா கட்டில் கனக்க அகலம் பிள்ளை. இவள் கனடாவில கிடக்கிறமாதிரி அங்கால கிடந்தாள். அதுதான் ரெண்டு பேரும் கீழ இறங்கினனாங்கள்."

ஐந்தாவது இரவு

நாலாவது இரவும் நிலத்தில்தான். விடிய என்னை முந்தி அந்த அம்மாவே விரிப்பை மடித்து வைத்திருந்தா. தேத்தண்ணி குடித்துக்கொண்டு, இன்னும் எத்தினை இரவு இருக்கு என்று கேட்டா. மலர் அக்கா பெருமையாக, ஐந்துக்கு நாலுதான் வெட்டினவங்கள், இண்டைக்குக் கடைசி, அது சும்மா என்று சொல்லிவிட்டா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தா. அந்த அம்மா பையை எடுத்து மடியில் வைத்தாயிற்று.

நோர்வே அண்ணன் இதைக் கேட்டால் தலையில் கை வைத்திருப்பார். ஆகச் சிறந்த கணக்கே அந்த ஐந்தாவது இரவுதான் என்று அவர் சொல்லுவார். மலர் அக்கா மன்றாடவில்லை, இரண்டு பெட்டியையும் தானே இழுத்துக்கொண்டு வந்தா. முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. தர்ஷிகா மட்டும் விடாமல், "அம்மா, உங்களுக்கு இண்டைக்கு இரவும் அறை இருக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மா வீட்டுத் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னா: "நாலுக்குத்தான் என்ர பிள்ளை உழைச்சது. ஐஞ்சாவதுக்கு அவள் என்ர வீட்டில படுக்கட்டும்."

கம்பனிக் கணக்கில் அந்த இரவும் அறை அவர்களுடையதுதான், அடுத்த நாள் நான் சட்டப்படி 207-க்குள் போய்க் கலையாத கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தேன். பொயின்ற்ஸில் வந்து போனவர்கள் எத்தனையோ பேரைக் கண்டுவிட்டேன், ஆனால் கட்டிலிலும் படுக்காமல், சும்மா கிடைத்த இரவையும் விட்டுவிட்டுப் போன இந்த இரண்டு பேரைவிட ஆதாயமாக அதைப் பாவித்த ஆட்களை நான் இன்னும் – "சுகந்தி, இருநூற்றி நாலு வெளிக்கிட்டிட்டினம், துவாயைக் கொண்டு ஓடியா" என்று வதனி அக்கா கூப்பிடுகிறா, மடித்ததே ஆறுதான், அதுக்குள்…