பின்பலகையில் எழுதிய சம்பளம்

தெமோதரையில் மழை விட்டிருக்கிறது. நான் பிளேன்டீ குடிக்கும் கடைக்கு முன்னால் ஒரு லொறி, கொழும்புக்குத் தேயிலை ஏற்றக் காத்து நிற்கிறது. பின்பலகையில் பெரிய எழுத்தில் விளம்பரம்: ‘சாரதிகள் தேவை. மாதம் இரண்டு லட்சம் வரை உழைக்கலாம்.’ கீழே ஒரு தொலைபேசி எண். அதில் தெறித்த சேற்றைத் துணியால் துடைப்பவர் அந்த லொறியின் சாரதி, பூனாகலைக்காரர். விளம்பரம் பளிச்சென்று தெரிய வேண்டுமென்பது முதலாளியின் உத்தரவாம்.

“நல்ல சம்பளம்தான்” என்கிறேன்.

“ஆமாங்க, படிக்கிறப்ப எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. நமக்கு ட்ரிப்புக்குத்தாங்க காசு. லோடு இல்லாம இப்படி ரெண்டு நாள் நின்னா சாப்பாடும் நம்ம செலவு. மாசக் கடைசியில இதுல பாதி தேறுனாலே பெருசு.”

“அப்ப அந்த ரெண்டு லட்சம் யாருக்கு?”

“அதத் தெரிஞ்சுக்கத்தான் வீட்டுக்காரி போன்ல இருந்து இந்த நம்பருக்கு எடுத்தேன். ஆபீஸ்ல யாருக்கும் என் குரல் தெரியல. அனுபவம் இருக்கான்னாங்க. பன்னெண்டு வருஷம்னேன். உடனே வாங்கன்னாங்க. எந்த லொறின்னு கேட்டேன். இந்த லொறியத்தான் சொன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் துணியைப் பிழிந்து உதறுகிறார்.

“யோசிச்சுச் சொல்றேன்னேன்.”