முப்பத்தெட்டு விநாடிப் பாட்டு

புதுச்சேரி முதலியார்பேட்டையில் மைக்செட் வெற்றிச்செல்வன் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். அப்பா பஞ்சாலைக்கு ஷிப்டு போனவர். மில் சங்கு ஊதிய தெருவில் பிறந்த பிள்ளை சத்தத்தையே பிழைப்பாக்கிக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதில் ஒரு சவுண்ட் சர்வீஸில் ஒயர் சுருட்டப் போனவருக்கு, ஐம்பத்தெட்டு வயதில் சொந்தமாக எட்டு ஸ்பீக்கர் பொட்டியும் ஒரு மிக்ஸரும் இருக்கின்றன. கூட வேலை செய்ய மனைவி கமலவேணி. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் இருவரும் குட்டியானை வண்டியில் போய் இறங்குவார்கள்.

மற்ற மைக்செட்காரர்கள் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பார்கள். அதைக் கேட்டாலே வெற்றிச்செல்வனுக்கு எரிச்சல் வரும். "அது மைக்க டெஸ்ட் பண்றது. பொட்டிய யாரு டெஸ்ட் பண்றது?" என்பார். பொட்டிக்கென்று அவரிடம் ஒரு இங்கிலீஷ் பாட்டு இருந்தது. பாட்டு என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். மொத்தம் முப்பத்தெட்டு விநாடி.

எண்பதுகளின் கடைசியில், பிரான்சிலிருந்து லீவில் வந்த யாரோ ஒருவருடைய கேசட்டிலிருந்து பழைய முதலாளி பதிவு செய்துகொண்டது அது. நாடா தீர்ந்துபோனதால் கடைசிப் பாட்டு ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. முதலில் டிரம் மட்டும். பிறகு பேஸ் கிட்டார் வந்து சேரும். அடுத்து இடப்பக்கம் ஒரு கிட்டார், வலப்பக்கம் ஒரு கிட்டார். இருபத்தாறாவது விநாடியில், இத்தனை கும்மாளத்துக்கும் பின்னால், சன்னமாக ஒரு மணி. அந்த மணி துல்லியமாகக் கேட்டால், பொட்டியில் கீச்சுச் சத்தத்துக்கென்று இருக்கும் ட்வீட்டர் சரி. கடைசியில் பாடுகிறவன் மூச்சை இழுப்பான். அதோடு நாடா முடிந்தது.

அந்த ஆள் முப்பத்தைந்து வருஷமாக மூச்சை இழுத்தபடியே நின்றான். கேசட் போய் பென்டிரைவ் வந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை. என்னதான் பாட வந்தான் என்பது வெற்றிச்செல்வனை அரித்துக்கொண்டே இருந்த கேள்வி. ஆங்கிலம் தெரிந்தவர்களிடமெல்லாம் போட்டுக் காட்டினார். வெறும் டிரம்மை வைத்து என்ன சொல்வது என்று கையை விரித்தார்கள். போனில் பாட்டைக் கண்டுபிடிக்கும் வித்தை வந்ததும் அதையும் விடவில்லை. பழைய நாடா கொஞ்சம் வேகம் கூடிப் பதிவாகியிருந்ததோ என்னவோ, போனுக்கும் பிடிபடவில்லை. சத்தமாக எதையாவது கத்தப்போகிறான் என்று மட்டும் அவராகவே முடிவுகட்டி வைத்திருந்தார்.

போன மாதம் காலாப்பட்டுப் பக்கம் கடலோரத்தில் ஒரு பகல் விருந்து. எண்பத்தாறில் லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்து முடித்தவர்கள் கூடுகிறார்கள். பாதிப் பேர் பாரிசிலிருந்து வந்திருந்தார்கள். ஏற்பாடு செல்வாம்பாள் என்ற அம்மாள். அந்தக் காலத்து இங்கிலீஷ் பாட்டாகப் பொறுக்கி எடுத்து ஒரு பட்டியலே போட்டிருந்தார். வெற்றிச்செல்வன் பொட்டிகளை நிறுத்தி, வழக்கம்போல் தன் முப்பத்தெட்டு விநாடியை ஓடவிட்டார். மூச்சிழுத்த இடத்தில் நின்றதும் செல்வாம்பாள் திரும்பினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? நாங்க லிசேல படிக்கும்போது வந்த பாட்டாச்சே இது."

"இவ்ளோதாங்க இருக்குது எங்கிட்ட."

"நல்ல கதையா இருக்கே. என் லிஸ்ட்ல நாலாவது பாட்டு அது. முழுசா கேளுங்க."

வெற்றிச்செல்வனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார், இருபத்தாறாவது விநாடியில் மணி இல்லை. ட்வீட்டர் போய்விட்டது என்று பொட்டியைத் திறந்து மாற்றினார். மணி இல்லை. ஒயரை மாற்றினார். இல்லை. ட்ரெபிளை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். சாப்பாட்டு மேஜையில் துணி விரித்துக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கமலவேணி ஓடிவந்து குமிழைக் குறைத்தார். "ஏங்க, என்ன பண்றீங்க? மணி நல்லா அடிக்குதே."

"எங்க அடிக்குது?"

"முதல் வாட்டிலேர்ந்தே அடிக்குதுங்க."

வெற்றிச்செல்வன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பொய்யில்லை. இரண்டு வருஷமாக வந்த புகார்களெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு காதுகுத்தில், குத்துவதற்கு முன்னாலேயே காது கிழிகிறது என்று கேலி செய்தார்கள். அவர் கரண்டைக் குறை சொன்னார், மண்டபத்துக் கூரையைக் குறை சொன்னார், பாடினவனைக்கூட விட்டுவைக்கவில்லை. பொட்டிகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன; மணி கேட்க வேண்டும் என்று அவர்தான் ஒவ்வொரு தடவையும் ட்ரெபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வந்திருக்கிறார். மைக்செட்காரனுக்குக் காது மந்தம் என்று வெளியே தெரிந்தால் எந்த மண்டபத்தில் கூப்பிடுவார்கள்? நாற்பது வருஷத்துத் தொழில் ஒரே பேச்சில் போய்விடும்.

"உனக்கு முன்னமே தெரியுமா?" என்றார்.

"சந்தேகந்தான். சொன்னா எரிஞ்சி விழுவீங்க."

அது உண்மை என்பதால் அவர் எரிந்து விழவில்லை. மிக்ஸரை விட்டு ஓரடி தள்ளி நின்றார். கமலவேணி அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டார்.

நாலாவது பாட்டு வந்தது. டிரம், பேஸ், இரண்டு கிட்டார். தலை நரைத்தவர்கள் ஓவென்று எழுந்து ஆடத் தொடங்கினார்கள். பாடுகிறவன் மூச்சை இழுத்தான். வெற்றிச்செல்வனும் கூடவே இழுத்தார். அவன் கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் விஷயம் சொல்வதுபோல் தணிந்த குரலில் பாட ஆரம்பித்தான். இப்படி ஒரு குரலை அவர் எதிர்பார்க்கவே இல்லை. தணிந்த குரல் என்பதால் அது அவருக்கு நன்றாகவே கேட்டது.

பாட்டு முடிந்து செல்வாம்பாள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தபோது வெற்றிச்செல்வன் கேட்டார்.

"என்னம்மா சொல்றான் அவன்?"

"அதுவா. ஊர விட்டுப் போனவன் வீட்டுக்கு போன் போடறான். யாரும் எடுக்கல. பின்னாடி மணி அடிச்சிகிட்டே இருக்குல்ல, அதான் அந்த போனு. பாரிசுக்குப் போன புதுசுல இதக் கேட்டு அழுதிருக்கேன். நீங்க பாத்தா அத வச்சி பொட்டி டெஸ்ட் பண்றீங்க."

"கடைசி வரைக்குமா அடிக்குது?"

"கடைசில அது மட்டுந்தான் அடிக்கும். எல்லாம் நின்னுடும்."

அவருக்கு அந்தக் கடைசி வெறும் அமைதியாகத்தான் இருந்தது. பாட்டு முடிந்துவிட்டது, இவர்கள் ஏன் இன்னும் அசையாமல் நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தார். காது நன்றாக இருந்த காலத்தில் இது கையில் கிடைக்காமல் போயிற்றே. செல்வாம்பாள் எதிரில் அழக் கூச்சப்பட்டு ஒயர் சுருட்டக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் பொட்டிகளை வண்டியில் ஏற்றும்போது கமலவேணி அவருடைய சட்டைப்பையில் அடித்துக்கொண்டிருந்த போனைத் தொட்டுக் காட்டினார். எடுத்துப் பார்த்தால் கூப்பிடுவது ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜர். தை மாதக் கல்யாணம் ஒன்று. பெரிய இடம், சவுண்டு பிசிறில்லாமல் இருக்க வேண்டும், நீங்களேதான் நின்று பார்க்க வேண்டும் என்றார்.

கமலவேணி கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எனக்கு காது முன்ன மாதிரி இல்ல," என்றார் வெற்றிச்செல்வன். "பொட்டி தூக்க நான் வரேன். சவுண்டு எங்க வீட்டம்மா வைப்பாங்க. சம்மதம்னா சொல்லுங்க."