நான் சேர்த்து வாசித்த வரி

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் நான் மன்னாரில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். கொழும்பிலிருந்து ரயிலில் வரும் பத்திரிகை, வெள்ளைக்காரத் துரை பார்த்து முடித்த பிறகு என் கைக்குக் கிடைக்கும். அதை எங்கள் ஊரான தாராபுரத்துக்குக் கொண்டுவந்து, மாலை அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் வாசலில் உரக்க வாசிப்பேன். ஆண்கள் முற்றத்தில் இருப்பார்கள். பெண்கள் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்த அன்று வேலிக்கு அப்பால் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் அங்கே துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். எதிரி விமானங்கள் எத்தனை விழுந்தன என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். துறைமுகத்துக்குச் சேதம் சொற்பமாம். அங்கே வேலை செய்த மனிதர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. விமானத்தை எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஆளை எண்ணத் தெரியவில்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, ஆக்களுக்கு என்னவாம்?" என்று கேட்டார் ராத்தா.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆட்சேதம் ஏதும் இல்லை" என்று வாசித்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் ராத்தா. மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டி பாற்சோறு வந்தது. அதையும் சாப்பிட்டேன்.

கடிதம் வரவில்லை. கொழும்புச் சனம் பயத்தில் ஊர் ஊராக ஓடுகிறது, தபாலும் தாறுமாறாகிவிட்டது என்று நானே சமாதானம் சொன்னேன். தபால்காரரின் சைக்கிளைக் கண்டால் வீட்டுக்குள் போய்விடுவேன். ராத்தாவோ புருஷனுக்கு உடுக்கப் புதுச் சாரம் வாங்கி மடித்து வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து, துறைமுகத்தில் அவருடன் வேலை செய்த ஒருவர் ஊருக்கு வந்தார். குண்டு விழுந்த அன்றே ராத்தாவின் புருஷன் மௌத்தாகிவிட்டாராம். பெயர்கூடக் கேளாமல் அங்கேயே அடக்கிவிட்டார்களாம்.

மௌத்தான நாளிலிருந்தே இத்தாவைக் கணக்கிட வேண்டும் என்றார் பள்ளிவாசல் லெப்பை. புருஷனை இழந்தவள் அலங்காரம் இல்லாமல் வீட்டோடு இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாளில், பாதியை ராத்தா அறியாமலே கழித்திருந்தார்.

நான் போய் ராத்தா வீட்டு வாசலில் நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து ராத்தா பேசினார்.

"உங்களில என்ன பிழை, தம்பி? பேப்பரில கிடந்ததைத்தானே வாசிச்சனீங்க."

அத்தோடு திரும்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் முடியவில்லை.

"இல்ல ராத்தா. பேப்பரில அப்பிடி இருக்கேல்ல. நானாத்தான் சொன்னனான்."

 

"அவருக்கு மூண்டாம் நாள் கத்தம் ஓதேல்ல. ஏழாம் நாளும் ஓதேல்ல," என்றார் ராத்தா. "நாப்பதாம் நாள் நான் ஒரு கலியாண வீட்டில நிண்டு குரவை போட்டனான், தம்பி."