கட்டளையில் விழுந்த கோட்டை

அன்று அந்த மேட்டில் நின்றவர்கள்: எங்கள் டேனிஷ் ஆசிரியை, அவருடைய வயதான நாய், ஸ்கீவ நகரத்து டேனிஷ் மொழிப் பள்ளியில் படித்த ஒன்பது தமிழ் ஆண்கள். ஒன்பது பேரில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணை என்று கூப்பிட்டவர்; இளையவன் நான். வராதவர்கள் என்று சொன்னால், கலியாணம் செய்தவர்களின் மனைவிமாரும் பிள்ளைகளும். அவர்களில் யாரும் அப்போது டென்மார்க்கிலேயே இல்லை. அண்ணி பருத்தித்துறையில் இருந்தார். அண்ணையின் ஒரே மகளும் அங்கேதான் இருந்தாள். அவளுக்கு அப்போது பதினாறு நடந்துகொண்டிருந்தது. இருவரையும் கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் வந்துவிடுவார்கள் என்ற நினைப்போடுதான் அண்ணை பஸ்ஸில் ஏறியிருந்தார். எண்பத்தேழாம் ஆண்டின் இலையுதிர்காலம் அது.

வீபோர்க் பக்கத்து ஏரிக்கரையில் புல் மூடிய மண்மேடுகளும் நடுவே செங்கல் கோபுரம் ஒன்றுமாக இருந்தது அந்தப் பழைய கோட்டை. காற்று காதை அறுத்தது. ஆசிரியை அதன் கதையை மெதுவான டேனிஷில் சொல்லி முடித்துவிட்டு, நீங்கள் பார்த்த கோட்டை ஒன்றைப் பற்றி ஆளுக்கு நாலு வசனம் சொல்லுங்கள் என்றார். மன்னாரிலிருந்து வந்ததால் நாங்கள் மன்னார் மச்சான் என்று கூப்பிட்டவர் முதலில் எழும்பி, "எங்கட ஊரிலையும் ஒல்லாந்தர் கட்டின கோட்டை இருக்கு. ஆனா உள்ளுக்கை ஆமி முகாம். வெளியால நிண்டு பாத்ததுதான்" என்று தமிழில் சொல்ல, நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆசிரியைக்கு அந்தச் சிரிப்பை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்; ஒன்பது பேரிலும் டேனிஷ் எனக்குத்தான் சீக்கிரம் பிடிபட்டதால், கடிதம் வாசிப்பதும் மொழிபெயர்ப்பதும் என் தலையில்தான் விழுந்திருந்தன.

அண்ணை ஜப்பான் கோட்டையைப் பற்றிச் சொன்னார். எவரும் எதிர்பார்க்கவில்லை. அகதியாக வருவதற்கு முன் அவர் கிரேக்கக் கப்பல் ஒன்றில் இயந்திர அறையில் வேலை செய்தவர். கப்பல் பழுதாகி ஜப்பானியத் துறைமுகம் ஒன்றில் நாலு நாள் கிடந்தபோது, ஊருக்குப் பின்னாலிருந்த மலையில் ஏறியிருக்கிறார்.

"மூண்டு சமுத்திரம் கடந்து போய், கல்லுப் பாத்திட்டு வந்தனியளோ அண்ணை? ஜப்பான்காரன் ஒரு றேடியோவாவது குடுக்கேல்லையோ?" என்றார் மன்னார் மச்சான்.

"பொறடாப்பா, முழுக்கக் கேள்" என்றார் அண்ணை. தருமத்துக்குக் கிடைத்த பெரிய ஜக்கெட்டின் கைகளை மடித்துவிட்டபடி அவர் அந்த மலையை எங்களுக்குக் கையால் வரைந்து காட்டினார். நேரே ஏறவிடாத பாதை. வருகிற எதிரி களைத்துக் குழம்பிப்போக வேண்டும் என்று திருப்பத்துக்குத் திருப்பம் மடக்கி வைத்திருந்தார்களாம். சாந்து பூசாமல், கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர். அடியில் சரிந்து, மேலே போகப்போக நிமிர்ந்து, படகின் முன்பக்கத்தைப் போல வளைந்திருந்ததாம். மூச்சு வாங்க உச்சிக்குப் போனால் அங்கே கோட்டை இல்லை. வெறும் புல்வெளி, தூர்ந்த கிணறு, சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிற பள்ளிப் பிள்ளைகள். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த கிழவர் ஒருவர் அங்கே சருகு கூட்டிக்கொண்டிருந்தார். எந்தச் சண்டையில் இது விழுந்தது என்று அண்ணை அவரைக் கேட்டிருக்கிறார்.

"சண்டையில ஆரும் பிடிக்கேல்லையாம் தம்பி. முற்றுகை போட்டவங்கள் எல்லாம் திரும்பிப் போட்டாங்களாம். பிறகு சமாதான காலத்திலதான், மேலிடத்தில இருந்து கட்டளை ஒண்டு வந்ததாம், ஒரு மாகாணத்துக்கு ஒரு கோட்டை காணும், மிச்சத்தை இடியுங்கோ எண்டு. காவல் நிண்ட அதே ஆக்கள்தான் ஏறி நிண்டு கூரை ஓட்டைக் கழட்டினவையாம். மரத்தை வித்துப்போட்டினம். கல்லை ஆரும் கேக்கேல்லை, அது கிடக்கு."

நான் அதை என் ஓட்டை டேனிஷில் சொன்னேன். ஆசிரியை குனிந்து நாயின் கழுத்தைத் தடவினார். மன்னார் மச்சான் மட்டும், "எங்கட ஆக்களும் அப்பிடித்தான். அடிச்சா விழாயினம், கடதாசி வந்தா விழுந்திடுவினம்" என்றார். அதற்கும் சிரித்தோம்.

அடுத்த மாதம் அண்ணியும் மகளும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, இரண்டறை வீடு ஒன்றை எடுத்து, அண்ணை என்னையும் அங்கே கூட்டிப்போனார். சின்ன அறை மகளுக்கு. பழைய சாமான் கடையில் வாங்கிய எழுதும் மேசை ஒன்றை அதன் யன்னலோரம் போட்டார். மகள் கெட்டிக்காரி, கணக்கில் புலி, இங்கே வந்து டொக்டருக்குப் படிப்பாள் என்பது தொழிற்சாலையில் நின்ற டேனிஷ்காரருக்கும் தெரியும். "அவள் வருமட்டும் மேசை சும்மா கிடக்கக் கூடாது. நீ இருந்து படி" என்றார் என்னிடம். நான் படித்தேன். என்னுடைய டேனிஷ் சோதனைகளுக்கெல்லாம் அந்த மேசையில் இருந்துதான் ஆயத்தம் செய்தேன். வாரத்துக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்கு நான்தான் தொலைபேசி எடுப்பேன். "உண்டர் பிஹான்ட்லிங்" என்பார்கள், பரிசீலனையில் இருக்கிறது என்று. தொழிற்சாலையில் இடைவேளையில் ஆரும் ஆரையும் சுகம் கேட்டால், "உண்டர் பிஹான்ட்லிங்" என்று பதில் சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு எங்களுக்கு அது பழகிப்போயிற்று. எங்களைப் போன்றவர்களின் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாமே வேண்டுமென்று நிறுத்திவைக்கப்பட்டிருந்தன என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

கடிதம் வந்தபோது மகளுக்குப் பதினெட்டு கடந்திருந்தது. மனைவி வரலாம். மகள் வளர்ந்தவள் ஆகிவிட்டாள், பிள்ளை என்ற கணக்கில் அவளை எடுக்க முடியாது. நான் வாசித்தேன். "இன்னொருக்கா வாசி" என்றார் அண்ணை. வாசித்தேன். பிறகு கடிதத்தை வாங்கி, தனக்குத் தெரியாத எழுத்துகளைத் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு மடித்தார்.

விசா அலுவலாக அண்ணியும் மகளும் கொழும்புக்கு வந்து லொட்ஜ் ஒன்றில் நின்றார்கள். அண்ணை எண்களை மாற்றி மாற்றி அழுத்தியதால், தொலைபேசிக் கூண்டுக்குள் நானும் கூடப் போனேன். "குமர்ப் பிள்ளையை ஆரிட்டை விட்டிட்டு வாறது? நான் வரேல்லையப்பா, நீங்கள் அங்கையே இருங்கோ" என்று அண்ணி அழுதது எனக்கும் கேட்டது. போர் நடக்கிற ஊரில் பெண்பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு எந்தத் தாய் விமானம் ஏறுவாள்? அப்போது மகள் றிசீவரை வாங்கினாள். அவளுடைய குரலை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"அப்பா, அம்மா வரட்டும். இஞ்சை ஒரு சம்பந்தம் கேட்டு வந்திருக்கினம். நான் கட்டுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

"படிப்பு, பிள்ளை?"

"அது பாப்பம் அப்பா."

காசு முடிந்து தொடர்பு அறுந்தது. அண்ணை றிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெளியே ஒரு டேனிஷ்காரி காத்து நின்று, பிறகு தலையை அசைத்துவிட்டுப் போனாள்.

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வவுனியாவில் கடை வைத்திருப்பவர், அவளைவிடப் பதினான்கு வயது மூப்பு. அதற்குப் பிறகு அண்ணி தனியே வந்து இறங்கினார். வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர், சின்ன அறை வாசலில் நின்று, "இது ஆற்றை மேசை?" என்று கேட்டார்.

"தம்பியின்ர" என்றார் அண்ணை உடனே, என்னைக் காட்டி. அன்று பின்னேரமே நானும் மன்னார் மச்சானும் அதைத் தூக்கிக்கொண்டு, அண்ணி வருகிறார் என்று நான் எடுத்திருந்த புது அறைக்குப் போனோம். வழியில் மச்சான் ஒரு பகிடியும் விடவில்லை.

இந்த வருடம், தொண்ணூற்று மூன்று தை மாதத்தில், எங்கள் விண்ணப்பங்களை நிறுத்திவைத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று விசாரணை சொல்லி, டென்மார்க் அரசாங்கமே பதவி விலகியது. அன்று பின்னேரம் அண்ணை வீட்டில் தொலைக்காட்சி முன் இருந்தோம். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். இப்படிச் செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் இருக்கவில்லை என்று நான் சொன்ன இடத்தில், அண்ணை என் பக்கம் திரும்பினார். "ஜப்பானிலை அவங்கள் கட்டளையை எழுதியாவது குடுத்தவங்கள்."

சில நாள் கழித்து, அண்ணையோடு வேலை செய்கிற டேனிஷ்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். நல்ல மனுஷர். நட்டஈடு கேட்கலாமாம், எவ்வளவு இழந்தீர்கள் என்று கணக்குச் சொன்னால் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அண்ணை யன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். அண்ணிதான் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, நிதானமாகச் சொல்லத் தொடங்கினார்.

"சீதனம் ஒண்டரை லட்சம். அதுக்கு வீட்டை ஈடு வைச்சது, இன்னும் மீட்கேல்லை. நகை பன்னிரண்டு பவுண், என்ரதை அழிச்சுச் செய்தது. கொழும்பு லொட்ஜுக்கு எல்லாமா ஏழாயிரம். பிளேன் டிக்கெட் ஒண்டு."

நான் ஒவ்வொன்றாக டேனிஷில் சொன்னேன். அவர் எழுதினார். முடிந்ததா என்று கேட்டார். அண்ணி யோசித்தார்.

"பருத்தித்துறையில பிள்ளைக்குக் கணக்கு ரியூசனுக்கு மூண்டு மாதக் காசு முன்கூட்டிக் கட்டினனான். கலியாண அவசரத்தில திருப்பிக் கேக்கேல்லை. அதையும் சொல்லு தம்பி. நூற்றி எண்பது ரூபா."