கண்ணாடியில் எழுதிய எண்

எண்பதுகளில் திருச்சியில் ஒரு கல்லூரியின் ஸ்டோர்ஸ் சூப்பிரண்டெண்டாக இருந்தேன். ஆண்டுச் சரிபார்ப்பில் எல்லாப் பொருளிலும் பெயிண்டால் எண் எழுத வேண்டும் என்பது விதி. இயற்பியல் ஆய்வகத்தில் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள் எண் இல்லாமல் இருந்தன.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ஆய்வு மாணவி வைதேகி தடுத்தாள். "வேண்டாம் சார். அது மேல ஒரே ஒரு மூலக்கூறு தடிமன்ல படலம் இருக்கு. எலெக்ட்ரான் அதைத் தாண்டி எப்படிப் போகுதுன்னு அளக்கறேன். பெயிண்ட் பட்டா படலம் அழிஞ்சிடும்."

"கண்ணுக்கே தெரியலையேம்மா. இல்லாததுக்கெல்லாம் விலக்கு குடுக்க முடியுமா?" என்றேன். என்னுடன் வந்திருந்த கிளார்க் சிரித்தார். பன்னிரண்டிலும் நானே எழுதினேன்.

"எட்டு மாச வேலை சார். இந்த மாசத்தோட ஃபெலோஷிப் முடியுது," என்றாள். மறுவாரம் முதல் அவள் வரவில்லை.

"பன்னிரண்டும் நல்ல நிலையில் உள்ளன" என்று அறிக்கையில் கையெழுத்திட்டேன். விதிப்படி நடந்தவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.